வெறும்வேர்க் கன்று: தோண்டியதற்கும் நடுவதற்கும் இடையில்

வாங்கி வந்த பழக்கன்றுக் கட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு குச்சிதான் இருக்கும். இலை இல்லை, தொட்டி இல்லை, ஒரு பிடி மண்கூட இல்லை. அடியில் நாலைந்து வேர்கள் கோழிக்கால் மாதிரி விரிந்து நிற்கும். முதல் தடவை வாங்குகிறவர்கள் இதைப் பார்த்ததும் ஒன்று ஏமாந்துவிட்டோமோ என்று திகைக்கிறார்கள், இல்லையென்றால் குச்சிதானே என்று மூலையில் சாத்தி வைத்துவிடுகிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. விற்பவர்கள் இதை 'பேர் ரூட்' என்பார்கள். நான் இங்கே வெறும்வேர்க் கன்று என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஆப்பிள், பேரி, பிளம், செர்ரி, பீச், ஆப்ரிகாட், வால்நட், திராட்சை, ராஸ்பெர்ரி என்று குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும் பழவகைகளைப் பெருமளவில் இப்படித்தான் விற்கிறார்கள். தூங்கும் நேரத்தில் தோண்டி, மண்ணை உதறி, கட்டாகக் கட்டி அனுப்பினால் எடை குறைவு, இடம் குறைவு. தொட்டிக்குள் வேர் சுருண்டுகொள்ளும் தொல்லையும் கிடையாது. வேரைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம். எலுமிச்சை மாதிரி ஆண்டு முழுக்க இலையோடு நிற்பவற்றுக்கு இந்த வழி பொதுவாக ஒத்துவராது. மேலே இலை தண்ணீரைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட வேண்டிய சல்லிவேர்களோ தோண்டிய வயலிலேயே அறுந்து கிடக்கும்.

நட்ட கன்று துளிர்க்காமல் போனால் மண்ணைக் குறை சொல்கிறோம், உரத்தைக் குறை சொல்கிறோம், நாற்றங்கால்காரரைத் திட்டுகிறோம். நான் பார்த்தவரை தவறு பெரும்பாலும் வண்டியிலோ வீட்டு மூலையிலோ நடந்து முடிந்திருக்கும். இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். புதியவர்கள் கன்று காய்ந்துவிடுமே என்று மட்டும்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்திலேயே தண்ணீரில் அமிழ்த்தியும், பாலித்தீனில் புழுங்கவிட்டும் கொன்றுவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: குளிர், ஈரம், காற்று

கன்று தூங்குகிறது, ஆனால் மூச்சு விடுகிறது. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நட்ட பிறகு புது வேர் விடுவதற்கு அதே கையிருப்புதான் வேண்டும். அதனால்தான் பெரிய நாற்றங்கால்கள் கன்றுகளை 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர் அறையில், காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும்படி வைக்கின்றன. வீட்டில் அவ்வளவு துல்லியம் முடியாது. 1 முதல் 5 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. 10 டிகிரியைத் தாண்டினால் நாட்களை எண்ண ஆரம்பியுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. கன்றின் உறக்கம் இரண்டு கட்டமாக நடக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் அது உள்ளுக்குள்ளேயே ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும். நடுவில் சில நாள் வெயில் அடித்தாலும் விழிக்காது. தனக்கு எத்தனை மணி நேரம் குளிர் தேவையோ அத்தனையையும் வாங்கி முடித்த பிறகு நிலைமை மாறிவிடும். அப்போது அதைத் தூங்க வைத்திருப்பது வெளியே உள்ள குளிர் மட்டுமே; லேசாக வெதுவெதுப்பு பட்டாலும் மொட்டு வீங்கத் தொடங்கும். ஆகவே குளிர்காலத் தொடக்கத்தில் வாங்கிய கட்டு ஒரு வாரம் தாக்குப்பிடித்ததே என்று, குளிர்காலக் கடைசியில் வாங்கியதையும் அதே இடத்தில் வைக்கக்கூடாது. மொட்டு வேரைக் காட்டிலும் முந்திக்கொண்டு விழித்தால் கையிருப்பெல்லாம் இலையாகப் போய்விடும். அந்த இலைக்குத் தண்ணீர் கொடுக்க வேர் இருக்காது.

குளிர் மிஞ்சினாலும் கேடுதான். ஆப்பிள் கிளை கடும் உறைபனியைச் சாதாரணமாகத் தாங்கும். வேர் அப்படியில்லை. மண்ணுக்குள் அது அவ்வளவு குளிரைப் பார்த்ததே கிடையாது, அதனால் கிளை தாங்குவதற்கு வெகு முன்பே வேர் அடிபட்டுவிடும். வெறும் வேரைப் பனியில் கிடத்திவிட்டு, "இது குளிர்நாட்டு மரம்தானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஈரம் என்றால் பிசுபிசுவென்று இருக்கும் ஈரம், சொட்டும் ஈரம் இல்லை. சன்ன வேர்கள் வெயிலும் காற்றும் பட்டால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். காய்ந்தது மறுபடி நனைத்தாலும் உயிர்க்காது. அதே சமயம் வேருக்குக் காற்றும் வேண்டும். நின்ற தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் வேர் மூச்சுத் திணறும். 24 மணி நேரம்தான் உச்ச வரம்பு.

என் கதை இதுதான். பன்னிரண்டு பிளம் கன்றுகள் வந்த அன்று குழி தயாராக இல்லை. வேர் காயக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் எடுத்தபோது தண்ணீர் சாணி நிறத்துக்கு மாறியிருந்தது, புளித்த மாவு வாடை. சன்ன வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மட்டும் மிச்சம். பன்னிரண்டில் இரண்டு துளிர்த்தன.

படி 1: வாங்குவதற்கு முன்னால் குழி

இதைக் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள், செய்ய மாட்டார்கள். நடவேண்டிய இடத்தைத் தீர்மானித்து, முடிந்தால் குழியையும் வெட்டி வைத்துவிட்டுக் கன்று வாங்கப் போங்கள். நல்ல சேமிப்பு என்றால் சேமிக்கத் தேவையே இல்லாமல் செய்வதுதான்.

வாங்கும் இடத்தில் மொட்டு இறுக்கமாக மூடியிருக்கிறதா பாருங்கள். தண்டில் நகத்தால் ஒரு சின்னக் கீறல் போட்டால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். வேரை மெல்ல வளைத்தால் வளைய வேண்டும். சுள்ளி மாதிரி 'பட்'டென்று ஒடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்திலோ வேரிலோ பாக்கு அளவிலிருந்து கைமுட்டி அளவு வரை சொரசொரப்பான கட்டி இருந்தால் அது கழலை நோயாக இருக்கலாம். அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரியால் வருவது, மண்ணில் தங்கிவிடும். அந்தக் கன்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், மற்றக் கன்றுகளோடு ஒரே தண்ணீரில் முக்கவும் விடாதீர்கள். ஒட்டுப்போட்ட இடத்தைத் தண்டின் மீது ஒரு சின்ன முழங்கை வளைவாகக் காணலாம். அது கோணலாக இருப்பது இயல்பு, குறை இல்லை.

இலையோடு கன்று கொடுத்தால், இலை உதிரும் காலத்துக்கு முன்பே தோண்டிவிட்டார்கள் என்று அர்த்தம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் அங்கேயே இலைகளைக் காம்போடு கிள்ளிவிடுங்கள். ஒவ்வொரு இலையும் ஒரு பம்பு. ஆனால் மொட்டைச் சேர்த்துப் பிய்த்துவிடக் கூடாது.

படி 2: கட்டுவது

வெட்டுவதற்குக் கை துறுதுறுக்கும், பொறுங்கள். முறிந்து தொங்கும் வேரை மட்டும் நறுக்கினால் போதும். கிளைகளை வெட்டும் கவாத்து வேலை நடும்போதுதான்.

பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் வேரைக் களிமண் குழம்பில் முக்குவது நல்ல பழக்கம். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியான பதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வேரை முக்கி எடுத்தால் மெல்லிய பூச்சாக ஒட்டி நிற்கும், வேர்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாது. பச்சைச் சாணத்தைக் கலக்காதீர்கள். வெட்டுப்பட்ட வேரில் அது அழுகலைத்தான் கொண்டுவரும். களிமண் பூச்சு கொஞ்ச நேரத்துக்கான காவல், அவ்வளவுதான். மேலே ஈரப் பொதி இல்லாமல் விட்டால் பூச்சு காய்ந்து வெடித்து, சன்ன வேரையும் சேர்த்துப் பிடுங்கும்.

பொதிக்கு மரத்தூள், இழைப்புச் சுருள், தேங்காய் நார்த்தூள், பாசி, கிழித்த செய்தித்தாள் எது கிடைத்தாலும் சரி. எதை எடுத்தாலும் ஒரே சோதனை: நனைத்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு துளி விழுந்தால் பதம். ஒழுகினால் அதிகம், உள்ளங்கை மட்டும் ஈரமானால் இன்னும் கொஞ்சம் தெளிக்கலாம். ரசாயனம் ஏற்றிய பலகையின் தூள் வேண்டாம். வைக்கோலும் வேண்டாம். ஈர வைக்கோல் உள்ளுக்குள் சூடேறும், எலியையும் கூப்பிடும்.

வேர்களுக்கு இடையில் பொதியை விரலால் நுழைத்து அடையுங்கள். மேலே சுற்றினால் மட்டும் போதாது, நடுவில் இருக்கும் காற்று இடைவெளியில்தான் வேர் காயும். அதைச் சுற்றி ஈரச் சாக்கு. அதற்கும் மேலே பாலித்தீன் பை, வேர்ப்பகுதிக்கு மட்டும். பையின் வாயைத் தண்டைச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். முழுக் கன்றையும் பாலித்தீனுக்குள் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து, மொட்டில் பூஞ்சணம் படரும். தொலைதூரம் என்றால் தண்டையும் மூடத்தான் வேண்டும். அதற்குச் செய்தித்தாளோ சாக்கோ போதும். கிளைகளை மேல்நோக்கிச் சேர்த்து மெத்தென்ற சணல் கயிற்றால் கட்டுங்கள். கம்பி வேண்டாம், பட்டையை அறுக்கும். பத்துப் பத்தாகக் கட்டினால் தூக்கவும் எண்ணவும் வசதி. இருபத்தைந்தைத் தாண்டினால் நடுவில் இருப்பதற்குக் காற்றும் போகாது, கண்ணும் போகாது.

பெயர்ச்சீட்டைக் கட்டுக்கு ஒன்று என்று கட்டாதீர்கள், கன்றுக்கு ஒன்று கட்டுங்கள். ரகத்தின் பெயர், ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் வேர்ச்செடியின் பெயர் இரண்டும் வேண்டும். மரம் எவ்வளவு உயரம் போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டாவதுதான். பேனா மை ஈரத்தில் கலங்கிவிடும். பிளாஸ்டிக் சீட்டில் பென்சில் எழுத்து பனி, மழை, மண் எல்லாவற்றையும் தாண்டி நிற்கும். குச்சியாக இருக்கும்போது எல்லாக் கன்றும் ஒரே முகம்தான். கலந்துவிட்டால் காய்க்கும்வரை கண்டுபிடிக்க முடியாது.

படி 3: வண்டியில்

மூடிய வண்டி சிறந்தது. திறந்த வண்டிதான் கிடைத்தது என்றால் தார்ப்பாய் கட்டாயம், அதுவும் முன்பக்கம் காற்று நுழையாதபடி செருகிக் கட்ட வேண்டும். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் கன்றின் மேலும் அதே வேகத்தில் காற்று அடிக்கிறது. அரை மணி நேரத்தில் துணியே காய்ந்துவிடும், வேர் எம்மாத்திரம்? காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு போவதற்கும் இதே பதில்தான்.

காருக்குள் வைத்தால் ஆபத்து வேறு மாதிரி. வெளியே குளிர், உள்ளே சூட்டுக்காற்று போட்டுக்கொண்டு சுகமாகப் போகிறோம். பின்சீட்டில் கிடக்கும் கன்றுக்கு வசந்தம் வந்துவிட்டது என்று தோன்றும். டிக்கியில் வையுங்கள். வழியில் சாப்பிட நிறுத்தினால் வண்டியை நிழலில் நிறுத்துங்கள். மூடிய கார் வெயிலில் நின்றால், குளிர்காலத்திலும் உள்ளே வெப்பம் கிடுகிடுவென ஏறும்.

நிறையக் கன்றுகளை லாரியில் ஏற்றுவதானால் கட்டுகளைப் படுக்கவைத்து, ஒரு வரிசையின் வேர்மேல் அடுத்த வரிசையின் நுனி வராதபடி அடுக்குங்கள். ஒட்டுப் பகுதியில் பாரம் ஏறக்கூடாது. இளம் ஒட்டு அந்த இடத்தில்தான் பிளக்கும். குவியலை மலை மாதிரி உயர்த்தவும் வேண்டாம். கன்றின் மூச்சுச் சூடு நடுக்குவியலில் தங்கும். நெடுந்தூரம் போகிற ஓட்டுநரிடம், நிறுத்தும் இடத்தில் ஒரு தரம் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் தார்ப்பாயைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டியதுதான்.

கூரியரில் வாங்குகிறவர்கள் வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் அனுப்பினால் விடுமுறை முழுக்கக் கிடங்கில் கிடக்கும். பெட்டிக்குள் அடங்குவதற்காகக் கன்றின் உச்சியை வெட்டியிருந்தால் கோபப்படாதீர்கள்; நடும்போது நீங்களே எப்படியும் வெட்டப்போகிறதுதான். நாட்டு எல்லை தாண்டி வருகிற கன்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். 1951ஆம் ஆண்டின் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் அடிப்படையில் நடக்கும் ஏற்பாடு இது. மண்ணோடு வரும் பூச்சியையும் நோயையும் நாடுகள் அஞ்சுவதால், எல்லையைத் தாண்டப் பெரும்பாலும் வெறும்வேர்க் கன்றுக்குத்தான் வழி எளிது. பெட்டிக்குள் ஒளித்து எடுத்துவந்தால் பறிபோகும், தண்டமும் விழும்.

படி 4: கட்டு வந்த அன்று

அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே" என்று வைத்த கட்டுகள்தான் அதிகம் செத்திருக்கின்றன. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: வழியில் உறைந்துபோன கட்டு. பொதி கல் மாதிரி இருந்தால் பிரிக்காதீர்கள், தட்டாதீர்கள், வெந்நீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். உறைந்த வேர் கண்ணாடி மாதிரி உடையும். 2 முதல் 5 டிகிரி உள்ள இடத்தில் அப்படியே வைத்து, ஒன்றிரண்டு நாள் தானாக இளகவிட்டுப் பிரியுங்கள். மெதுவாக இளகினால் பல நேரம் தப்பிவிடும்.

பிரித்ததும் முதலில் மோந்து பாருங்கள். நல்ல கட்டில் ஈர மண் வாடையும் மர வாடையும் வரும். புளிப்பு வாடை அடித்தால் உள்ளே காற்றில்லாமல் புழுங்கியிருக்கிறது. அடுத்து ஒரு பென்சில் கனமுள்ள வேரின் நுனியைச் சின்னதாக வெட்டுங்கள். வெட்டுமுகம் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ ஈரப்பளபளப்புடன் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டிப் பாருங்கள். வெள்ளை வரும்வரை போகலாம். வேர்க்கழுத்து வரை பழுப்பே வந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இதற்காகவே பிரிக்கும்போது ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

வேரில் வெள்ளைப் பூஞ்சணம் லேசாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கழுவி, அழுகிய நுனிகளை வெட்டி, புதுப் பொதி மாற்றினால் போதும்.

நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். பெர்சிமன் வேர் வெளியே கரிக்கட்டை மாதிரி கருப்பாகத்தான் இருக்கும். அழுகிவிட்டது என்று குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். முசுக்கொட்டை வேர் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து பளிச்சென்று இருக்கும். இரண்டும் பிறவி நிறம்.

பட்டை சுருங்கிக் கோடு கோடாகத் தெரிந்தால் கன்று வழியில் தாகப்பட்டிருக்கிறது. வேரை மட்டும் அல்லாமல் தண்டையும் சேர்த்துக் குளிர்ந்த தண்ணீரில் படுக்கவையுங்கள், பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை. அதன் பிறகு முழுக் கன்றையும் ஈர மணலிலோ ஈர மண்ணிலோ நிழலில் நாலைந்து நாள் கிடத்திப் புதைத்தால் பட்டை மறுபடி உப்பி வரும். வராவிட்டால் அது போனதுதான்.

படி 5: எத்தனை நாள் வைக்கப்போகிறீர்கள்?

இரண்டு மூன்று நாள் என்றால் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பொதியைப் புதிதாக நனைத்து, மறுபடி கட்டி, சூடேற்றாத அறையிலோ வடக்குச் சுவர் நிழல் மாதிரி வெயில் படாத இடத்திலோ வையுங்கள். தினம் ஒரு தரம் தொட்டுப் பாருங்கள்.

ஒன்றிரண்டு கன்றுகளை இரண்டு மூன்று வாரம் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி உதவும், ஒரு நிபந்தனையோடு. உள்ளே பழம் இருக்கக்கூடாது. பழுக்கும் ஆப்பிளும் பேரியும் எத்திலீன் என்ற வாயுவை விடும். தூங்கும் மொட்டை அது கெடுக்கும். ஆப்பிள் கன்றை ஆப்பிள் பழமே கெடுப்பது வேடிக்கைதான். தானாகப் பனி நீக்கிக்கொள்ளும் பெட்டிகளில் காற்று வறண்டிருக்கும் என்பதால், இங்கே மட்டும் தண்டையும் செய்தித்தாள் சுற்றிப் பையில் போடலாம். உறைபெட்டிப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

நிலவறை உள்ளவர்கள் பெட்டியில் ஈர மணல் நிரப்பி அதில் வேரைப் புதைத்து, 0 முதல் 4 டிகிரியில் குளிர்காலம் முழுக்கவே வைத்திருக்கலாம். திராட்சைக் கன்று இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு தரம் மணலைக் கிளறிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் உருண்டையாக நின்று, விரல் பட்டதும் உதிர வேண்டும்.

சாய்த்துப் புதைப்பது

மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டி வந்து, மண்ணும் உறையாமல் இருந்தால் நான் வேறெதையும் யோசிப்பதில்லை. இதைவிட நம்பகமான வழி கிடையாது. வேர் மண்ணுக்குள்தான் இருக்க வேண்டும். நாம் அதைத் தற்காலிகமாகத் திருப்பி அனுப்புகிறோம்.

தண்ணீர் தேங்காத, காற்று அடிக்காத, நிழலான இடம் பாருங்கள். நிழல் எதற்கென்றால் மண் சீக்கிரம் சூடேறாமல் இருக்க. அதில் 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சால், அதாவது நீளப் பள்ளம், வெட்டுங்கள். ஒரு பக்கச் சுவர் செங்குத்தாகவும், எதிர்ப்பக்கம் 45 டிகிரிச் சரிவாகவும் வர வேண்டும். பூமியின் வடபாதியில் இருப்பவர்கள் பள்ளத்தைக் கிழக்கு மேற்காக வெட்டி, சரிவைத் தெற்கில் வையுங்கள். கன்றின் உச்சி தெற்கு நோக்கிச் சாய்ந்தால் தாழ்ந்த குளிர்கால வெயில் தண்டின் நீளத்தில் நேராக விழாது, பட்டை வெந்து வெடிப்பது குறையும். தென்பாதியில் இது அப்படியே தலைகீழ்.

இப்போது கட்டைப் பிரியுங்கள். முக்கியம். கட்டோடு புதைத்தால் நடுவேர்களுக்கு மண் போய்ச் சேராது. கன்றுகளை ஒவ்வொன்றாகச் சரிவின்மேல் அடுத்தடுத்துப் படுக்கவைத்து, கட்டி இல்லாத மண்ணை வேர்மேல் தள்ளுங்கள். தள்ளும்போதே ஒவ்வொரு கன்றையும் லேசாக மேலும் கீழும் ஆட்டினால் மண் இடுக்குகளுக்குள் இறங்கும். பாதி நிரம்பியதும் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழி வரும், மண் அமுங்கும். அந்தப் பள்ளத்தை மறுபடி மண்ணால் நிரப்பிக் காலால் மிதித்துவிடுங்கள். பிறகு ஒரு கன்றைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாமல் பிடித்துக்கொண்டால் சரி. சில வாரங்களுக்கு வேரும் ஒட்டுக்குமேல் ஒரு சாணும் மூடினால் போதும். குளிர்காலம் முழுக்க என்றால் தண்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மூடுங்கள். நிறையக் கன்று இருந்தால் இரண்டாவது பள்ளம் வெட்டும் மண்ணே முதல் பள்ளத்தை மூடிவிடும். ஒவ்வொரு ரகத்தின் முதல் கன்றுக்குப் பக்கத்திலும் ஒரு முளைக்குச்சி அடித்து வையுங்கள். பெயர்ச்சீட்டு மண்ணுக்குள் போயிருந்தாலும் வரிசை தெரியும்.

எலிகள் குளிர்காலத்தில் பட்டையைத்தான் தேடி வரும். மேலே வைக்கோலோ சருகோ போட்டு அவற்றுக்கு வீடு கட்டிக்கொடுக்காதீர்கள். முள்கிளை பரப்பலாம், சன்னக் கண்ணிக் கம்பிவலை இன்னும் நல்லது.

தோட்டம் இல்லாதவர்கள் அடியில் துளையுள்ள பெரிய வாளியில் ஈர மணலோ மண்ணோ நிரப்பி, நிழலில் இதையே செய்யலாம். வாளி மண் தரை மண்ணைவிடச் சீக்கிரம் உறையும், சீக்கிரம் சூடேறும். கடுங்குளிர் இரவில் சாக்கைச் சுற்றிவிடுங்கள்.

எடுக்கும்போது பிடுங்காதீர்கள், முள்கரண்டி மண்வெட்டியால் அடியிலிருந்து நெம்புங்கள். மொட்டு பிளக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். அதற்குள் புதைத்த இடத்திலேயே புதிதாக வெள்ளை வேர் விட்டிருக்கலாம். அது தொட்டாலே ஒடியும்.

யார் அவசரக்காரர்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் நட முடியாதபோது வரிசை தெரிய வேண்டும். கரண்ட், கூஸ்பெர்ரி என்ற பழப்புதர்கள் இரண்டும் முதலில் விழிப்பவை, முதலில் நடுங்கள். பீச், செர்ரி, ஆப்ரிகாட் ஆகியவற்றுக்கும் காத்திருக்கும் பொறுமை குறைவு. வால்நட்டின் தடித்த சதைப்பற்றான ஆணிவேர் ஒடியவும் அழுகவும் எளிது, கையாள்வதில் அதற்குத் தனிக் கவனம். ஆப்பிளும் பேரியும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஸ்ட்ராபெர்ரி தனிக் கதை: 'ஃப்ரிகோ' என்று விற்கும் நாற்றுகளை உறைநிலைக்குச் சற்றுக் கீழே, சுமார் −2 டிகிரியில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். உங்கள் கைக்கு வந்து இளகியதும் ஓரிரு நாளில் நட்டுவிடுங்கள், திரும்ப உறையவைக்காதீர்கள்.

நடும் நாள்

காற்றில்லாத, மேகமூட்டமான நாள் கிடைத்தால் நல்லது. வேரை ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரில் வையுங்கள். சற்று வாடியிருந்தால் ஓர் இரவு வரை போகலாம். நசுங்கிய நுனிகளைக் கூரான கத்தரியால் சுத்தமாக வெட்டிவிடுங்கள்.

இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்தவர்கள்கூடக் கடைசியில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒழுங்காக வேலை செய்கிற எண்ணத்தில், ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு கன்றைக் கிடத்திவிட்டு, முதல் குழியிலிருந்து நட்டுக்கொண்டே வருவார்கள். பார்க்க அழகாக இருக்கும். இருபதாவது குழிக்கு ஆள் வந்து சேர்வதற்குள் அந்தக் கன்று வெயிலிலும் காற்றிலும் ஒன்றரை மணி நேரம் கிடந்திருக்கும். எல்லாக் கன்றும் ஈரச் சாக்கு மூடிய வாளியில் நிழலில் இருக்கட்டும். குழியருகே நின்ற பிறகு ஒன்றை மட்டும் எடுங்கள், நடுங்கள், மண்ணை மிதித்துத் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு அடுத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது வாளியையும் கையோடு தூக்கிக்கொண்டு போங்கள்.